பல்வங்கர் பாலு: புகழுருவும் மெய்யுருவும்

நம் கல்விச் சங்கத்தின் படிப்பகத்தில் பெரியோர் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருப்பதை உறுப்பினர் யாவரும் அறிவர். நடுநாயகமாக அண்ணல் அம்பேத்கர் வீற்றிருக்க, இருமருங்கிலும் அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோர் காட்சி தருகின்றனர். சென்ற ஆண்டு நம் விளையாட்டுக் குழுவைச் சேர்ந்த இளைஞர் சிலர், அவ்வரிசையில் கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலுவின் படத்தையும் வைத்தல் வேண்டும் எனச் செயற்குழுவில் விண்ணப்பித்தனர். உடனே மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, தேர்தலில் அண்ணலை எதிர்த்து நின்றவருக்கு அண்ணலின் பக்கத்திலேயே இடமா என்று வினவினார். இளைஞர்கள் திகைத்துப் போயினர். அவர்கள் கேள்விப்பட்டிருந்த பாலு வேறு. பேச்சு வளர்ந்தது; குரல்கள் உயர்ந்தன; முடிவொன்றும் எட்டப்படாமலே கூட்டம் கலைந்தது. அன்று நான் வாய் திறக்கவில்லை. அரைகுறையாய் அறிந்ததைப் பேசுவதினும் படித்துவிட்டுப் பேசுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகு என்று எண்ணினேன். வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர் அதற்கு வாய்ப்பளித்தார்.

பாலுவைப் பற்றி இரண்டு உருவங்கள் உலவி வருகின்றன. ஒன்று, செய்தியேடுகளும் சீர்திருத்தப் பெரியோரும் தீட்டியது: அடக்கமே வடிவானவர், எவரையும் எதிர்த்துப் பேசாதவர், தமக்கிழைத்த இழிவுகளையெல்லாம் புன்முறுவலோடு பொறுத்துக்கொண்ட பண்பாளர். மற்றொன்று, அரசியல் தீட்டியது: பெரிய கட்சி கைகாட்டிய இடத்தில் நின்றவர், நம்மவரை நம்மவரே வீழ்த்துவதற்குக் கருவியானவர். முன்னது போற்றுகிறது, பின்னது தூற்றுகிறது. ஆயினும் இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. அம்மனிதருக்குத் தமக்கென ஓர் உள்ளம் இல்லை என்பதே அது. அவர் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் நோக்கினால் அங்ஙனம் கூற இயலுமா என்று காண்போம்.

1876ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்துத் தார்வாரில் பாலு பிறந்தார். தமிழ்நாட்டில் அருந்ததியர் எவ்வாறோ, அவ்வாறே மராட்டிய நாட்டில் தோல்தொழிலோடு சேர்த்து எண்ணப்பட்டுத் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமார் குலம் அவருடையது. தந்தையார் படையைச் சார்ந்து பிழைத்தவர். குடும்பம் பூனா நகரில் குடியேறியது. படைமுகாமும் படைத்தொழிற்சாலையும் ஓர் எளிய குடும்பத்தின் தலையெழுத்தை எங்ஙனம் மாற்றும் என்பதை ஆவடியில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. பூவிருந்தவல்லியும் ஒரு காலத்தில் வெள்ளையர் படை தங்கிய ஊரே. படை அதிகாரிகள் பழையதாயிற்று எனக் கழித்துவிட்ட மட்டையையும் பந்தையும் கொண்டே பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடக் கற்றனர்.

பாலு ஆடுகளத்தினுள் அடியெடுத்து வைத்தது ஆட்டக்காரராக அன்று. பார்சிகள் நடத்திய கழகமொன்றில் களத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்கு மாதம் 3 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். 1892ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பியரின் பூனா கழகத்துக்கு மாறியபோது ஊதியம் 4 ரூபாயாயிற்று. உருளை இழுத்தல், கோடு போடுதல், வலை கட்டுதல், டென்னிசுக் களத்தைச் செப்பனிடுதல் ஆகியன அவர் கடமைகள். வலைப்பயிற்சியில் வெள்ளையருக்குப் பந்து வீசவும் சொன்னார்கள். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் கலை அங்கேதான் அவருக்குக் கைவந்தது. அந்நாளில் ஐரோப்பியருள் தலைசிறந்த மட்டையாளரான கேப்டன் கிரெய்க், மற்றவர் வருவதற்கு முன்பே வந்து பாலுவின் பந்துவீச்சில் பயிற்சி பெறுவாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்றொரு கதையும் உண்டு. மணிக்கணக்காக, ஆண்டுக்கணக்காக வீசிய அவர் கையில், ஒருநாளேனும் ஒருவரும் மட்டையைக் கொடுத்ததில்லை. மட்டை பிடிப்பது துரைமாரின் உரிமை. வீசுவது வேலைக்காரன் கடமை.

இவ்விடத்தில் சிறிது விலகிச் சொல்ல விரும்புகிறேன். பள்ளி விளையாட்டு விழாவுக்கு முதல்நாள் மாலை, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் சிறுவர் யாவர் என்று பார்ப்பது என் வழக்கம். நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில், கோடு போடும் சிறுவர் எல்லாரும் ஒரே தெருவினர். மறுநாள் அக்கோட்டின்மீது ஓடியவர்கள் வேறு தெருவினர். கேட்டதற்கு, அவர்கள் நன்றாகப் போடுவார்கள் ஐயா என்று விடை வந்தது. அந்த விடையில் பொய்யில்லை. பாலுவும் கோடு நன்றாகத்தான் போட்டிருப்பார்.

பூனாவிலிருந்த இந்துக்கள் தமக்கென ஓர் அணி திரட்டி ஐரோப்பியரோடு மோத முனைந்தபோது, பாலுவைச் சேர்ப்பதா என்ற வினா எழுந்தது. அணியிலிருந்த தெலுங்கர் சிலர் சேர்க்கலாம் என்றனர். பூனாப் பிராமணர் தயங்கினர். இறுதியில் வெற்றியின் மீதிருந்த ஆசை, தீட்டின் மீதிருந்த அச்சத்தை வென்றது. ஆயினும் எதுவரை வென்றது? களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவரும் தொட்டனர். பந்து தோலால் ஆனதாயிற்றே என்று எவரும் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குப் பந்தலுக்கு வெளியே தனியாக, உடைத்தெறியும் மட்குவளையில் தேநீர். உணவுக்குத் தனித்தட்டு, தனிமேசை. முகம் கழுவத் தண்ணீர் ஊற்றுவதற்கும் தாழ்த்தப்பட்ட வேலையாள் ஒருவரே வரவேண்டும். சாத்தாராவில் வெள்ளையர் அணியை வீழ்த்தித் திரும்பியபோது நீதிபதி ரானடே அவருக்கு மாலை சூட்டினார். கூட ஆடுகிறவரோடு கூட அமர்ந்து உண்பதில் குற்றமென்ன என்று அப்பெரியார் கேட்டதும் உண்மை.

பூனாவில் 1896இல் பிளேக்கு நோய் பரவிற்று. பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். படைப்பிரிவொன்றிலும் பின்னர் பம்பாய்-பரோடா-மத்திய இந்திய இருப்புப்பாதையிலும் பணியாற்றிக்கொண்டே இந்து ஜிம்கானா அணிக்கு ஆடினார். 1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதிய ஆட்டம் அவர் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. இந்துக்கள் முதலில் 242, பின்னர் 160. ஐரோப்பியர் 191, பின்னர் 102. இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றனர். ஐரோப்பியரை இரண்டாம் முறை 102க்குள் மடக்கியதில் பாலுவின் இடக்கைக்குப் பெரும்பங்குண்டு. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. ஆளவந்தானை அவனுடைய ஆட்டத்திலேயே வீழ்த்தினோம் என்று மக்கள் கூத்தாடினர். சீர்திருத்த ஏடொன்று, சமார் குலத்தாரை அணியில் சேர்த்ததன் மூலம் இந்துக்கள் சாதிக் கட்டுக்குள்ளிருந்து வெகுதூரம் முன்னேறிவிட்டதாகப் பாராட்டி எழுதியது. பம்பாயில் அவர் மற்றவர்களோடு அமர்ந்து உண்ணவும் இடங்கிடைத்தது என்பது மெய்யே. ஆனால் அப்பாராட்டைக் கூர்ந்து பார்த்தால், பாராட்டப்பட்டவர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டவர்கள்தாம். விக்கெட் எடுத்தவர் அவர்; பெருந்தன்மைப் பட்டம் பெற்றவர்கள் பிறர். அடக்கமான பாலு என்னும் புகழுருவம் பிறந்த இடம் இதுவே. சேர்த்துக்கொண்டவர் மனம் குளிர வேண்டுமாயின், சேர்க்கப்பட்டவர் வாய்பேசாதிருத்தல் வேண்டுமன்றோ!

1911ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கின் தலைமையில் அகில இந்திய அணியொன்று இங்கிலாந்து சென்றது. அரசருக்கு அப்போது வயது 19. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவும் விருந்துகளும் அவரை ஆட்கொண்டமையால் அவர் ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் பங்கேற்கவில்லை. அணி 23 ஆட்டங்கள் ஆடி 6இல் வென்று 15இல் தோற்றது. அத்தோல்விகளினூடே பாலு ஒருவரே நிமிர்ந்து நின்றார். தோள்வலியோடு வீசி, எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவற்றுள் முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் எட்டு விக்கெட்டுகள். ஆங்கிலேயர் அவரைத் தம் நாட்டு வில்பிரட் ரோட்சுக்கு ஒப்பிட்டுப் பேசினர். தம்பி சிவராம் சாமர்செட் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 113 ஓட்டங்கள் எடுத்து, ஒரே விக்கெட் எஞ்சிய நிலையில் வெற்றி தேடித் தந்தார்.

பாலு திரும்பி வந்ததும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒன்றுகூடி அவருக்கு வரவேற்பளித்தனர். அவ்வரவேற்பு மடலை எழுதியவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த 20 வயது மாணவர் பீமராவ் அம்பேத்கர். அந்நாளில் நம்மவரில் நாடறிந்த பெயர் பாலுவின் பெயரே. மாணவர் அம்பேத்கருக்கும் அவர் கண்கண்ட வீரராய் விளங்கினார்.

இத்துணைப் புகழ் பெற்றவர் அணித்தலைவர் ஆனாரா? இல்லை. 1907இல் மும்முனைப் போட்டியும் 1912 முதல் முஸ்லிம்களும் சேர்ந்து நான்முனைப் போட்டியும் நடந்தன. இந்து அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர் அவரே. அனுபவத்தில் மூத்தவரும் அவரே. ஆண்டுதோறும் தலைமை மட்டும் மேல்சாதியார் ஒருவரையே சென்றடைந்தது. 1913இல் தலைமையேற்ற எம். டி. பாய் என்பவர், இப்பொறுப்பு நியாயப்படி பாலுவுக்கே உரியது என்று பொதுமேடையிலேயே ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர், ஆயினும் பொறுப்பு அவரிடமே இருந்தது. பாலு அவ்வாண்டும் வீசினார், அடுத்த ஆண்டும் வீசினார். ஏடுகள் அதனை அடக்கம் என்றெழுதின. அவர் வாய்திறந்து கேட்கவில்லை என்பது மெய். ஆனால் அவ்வாண்டுகளில் அவர் வீட்டில் என்ன நடந்ததென்று காணவேண்டும். தம்பியர் சிவராம், கணபத், விட்டல் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அணிக்குள் வந்தனர். கேட்டுப் பெறும் காலம் வரும்வரை கேட்க முடியாதபடி மறுக்கத் தகுந்த ஆட்டத்தைத் தம் குடும்பத்தினுள்ளே அவர் வளர்த்துக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்காலம் 1920இல் வந்தது. பாய் உடல்நலம் குன்றியிருந்தமையால் முஸ்லிம்களுக்கு எதிரான ஆட்டத்துக்குப் புதிய தலைவர் தேவைப்பட்டார். 44 வயதான பாலுவை அணியிலிருந்தே நீக்கினர். மூத்தவரான விட்டலையும் ஒதுக்கித் தலைமையைப் பூனாவின் தேவ்தரிடம் அளித்தனர். விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினர். சாதியின் பெயரால் தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பே காரணம் என்று ஊரறிய அறிக்கையும் விடுத்தனர். பம்பாய் மக்களிடையே பெருங்கிளர்ச்சி எழுந்தது. காந்தியடிகள் தீண்டாமையைப் பற்றி மேடைதோறும் பேசிக்கொண்டிருந்த நேரமாதலால் ஜிம்கானாவினர் பதில் சொல்ல முடியாமல் தடுமாறினர். பார்சிகளுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் தம்பியர் மீண்டும் அழைக்கப்பட்டனர், பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். உடல்நலம் தேறி வந்த பாய், களத்தினின்று விலகி நின்று சிறிது நேரம் பாலு தலைமை தாங்கும்படி செய்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைத்த தலைமை அந்தச் சிறிது நேரமே. ஆனால் கதவு திறந்துவிட்டது. 1923இல் விட்டல் முறைப்படி இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு கோப்பையும் வென்றார். மக்கள் அவரைத் தோள்மீது தூக்கிச் சென்றனர். 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள், விக்கெட்டுக்குச் சராசரி 15.21 ஓட்டங்கள் என்னும் கணக்கோடு பாலு தம் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

இனி, மூத்த உறுப்பினர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1932இல் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி வேண்டும் என அண்ணல் வாதாடி வென்றார். பாலு அதனை ஏற்கவில்லை. கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீடு போதும் என்று மூஞ்சேயோடு உடன்பாடு கண்ட எம். சி. ராஜாவின் பக்கம் நின்றார். நம் பரங்கிமலையில் பிறந்து ஆசிரியராயிருந்த அதே ராஜாதான். காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கியபோது அண்ணலிடம் சென்று பேசியோருள் இவ்விருவரும் அடங்குவர். செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அண்ணலின் பெயரும் உண்டு, இரட்டைமலையாரின் பெயரும் உண்டு, ராஜாவின் பெயரும் உண்டு, பாலுவின் பெயரும் உண்டு. 1933இல் பம்பாய் நகராட்சித் தேர்தலில் இந்து மகாசபை சார்பில் நின்று பாலு தோற்றார். 1935இல் அண்ணல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் அறிவித்தபோது, மதமாற்றம் நம்மவருக்குக் கேடு என்றே அவர் கருதினார். 1937 பிப்ரவரியில் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் அண்ணலை எதிர்த்துக் காங்கிரசு அவரை நிறுத்தியது. முதலில் தயங்கினார், வற்புறுத்தலின் பேரில் இசைந்தார். அண்ணலுக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225.

இதனை நான் மூடிமறைக்க விரும்பவில்லை. அண்ணலைச் சட்டமன்றத்துக்கு வெளியே நிறுத்தவேண்டும் என்று விரும்பியோர், நம் மக்கள் நெஞ்சில் இடம்பெற்ற ஒரு வீரரின் பெயரைத் தேடிக் கண்டெடுத்தனர். அந்தப் பெயரைப் பயன்படுத்த அவர் இடங்கொடுத்தார். அது பிழை என்பதே என் துணிபு. ஆயின் கைப்பாவை என்னும் சொல் பொருந்துமா? ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் ஒரே வேண்டுகோள்: உங்கள் அணியில் என்னைச் சேருங்கள், உங்கள் பந்தியில் என்னை அமர்த்துங்கள், தகுதியிருந்தால் தலைமையைத் தாருங்கள் என்பது. அங்குலம் அங்குலமாக அதில் வென்றும் காட்டியவர். தனித்தட்டும் தனிக்குவளையும் கண்டு வளர்ந்த அவருக்குத் தனித்தொகுதி என்னும் சொல்லில் பழைய மட்குவளையின் நிழல் தெரிந்திருக்கலாம். அண்ணல் கண்டதோ வேறு. சேர்த்துக்கொள்பவரின் மனமாற்றத்துக்குக் காத்திருந்தால் தலைமைக்குக் கால் நூற்றாண்டு ஆகும் என்பதைப் பாலுவின் வாழ்க்கையே மெய்ப்பித்ததன்றோ! ஒரே அனுபவத்தைப் பார்த்த இருவர் இருவேறு முடிவுக்கு வந்தனர். ராஜா பின்னாளில், 1938இல் தாம் கொணர்ந்த ஆலய நுழைவுச் சட்ட முன்வரைவு சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு ஆட்சியால் கைவிடப்பட்டபோது, தம் நம்பிக்கை பொய்த்தமையை உணர்ந்தார். அவர் படம் நம் சுவரில் இருக்கிறது. எவரும் கழற்றச் சொன்னதில்லை.

அமெரிக்க நாட்டுக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் வரலாறும் இதனை ஒட்டியதே. 1947இல் வெள்ளையரின் பேஸ்பால் பேரணிகளுள் ஒன்றில் ஆட அவரைச் சேர்த்தபோது, எவர் வைதாலும் திருப்பி வையாதிருத்தல் வேண்டும் என்று முன்கூட்டியே வாக்குறுதி பெறப்பட்டது. உலகம் அவரை அமைதியின் உருவம் என்றது. இயல்பில் அவரோ சினமுடையவர். 1949இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவொன்று, கறுப்பர்களின் உரிமைக்குக் குரல்கொடுத்த பாடகர் பால் ராப்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவரையே அழைத்தது, அவரும் சென்றார். 1972இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், இன்று அழைத்தால் செல்லமாட்டேன் என்று வெளிப்படையாக எழுதிவைத்தார். விளையாட்டு வீரனின் நற்பெயர் பொதுச்சொத்து என்று கருதி எடுத்தாள்வோர் எல்லா நாட்டிலும் உளர்.

பாலு 1955 ஜூலை 4ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் நாட்டுத் தலைவர்கள் பலர் கலந்துகொண்டனர். பின்னர் நெடுங்காலம் அவர் பெயரை நாடு மறந்திருந்தது. வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002இல் வெளியிட்ட கிரிக்கெட் வரலாற்று நூலுக்குப் பின்னரே மீண்டும் பேசப்படலாயிற்று. நம் இளைஞர்கள் கைப்பேசியில் கண்டெடுத்த படமும் அதன் பின்விளைவே.

படத்தைப் பற்றிய விண்ணப்பம் விழா முடிந்தபின் மீண்டும் செயற்குழுவின் முன் வரவிருக்கிறது. மாட்டலாம் என்றே நான் கூறுவேன். அண்ணலின் பக்கத்தில் வேண்டாம். ராஜாவின் பக்கத்தில் இடமிருக்கிறது. அதன் கீழே 1911ஆம் ஆண்டின் 114 விக்கெட்டுகளை எழுதுவதாயின், 1937ஆம் ஆண்டின் 11,225 வாக்குகளையும், அவை எவருக்கு எதிராகப் பெற்றவை என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதவேண்டும் என்பது நான் வைக்கப்போகும் திருத்தம்.